கவனம் அளக்கும் கேமரா

ஒன்பதாம் வகுப்புச் சுவரில் மாட்டிய புதுக் கேமரா, பிள்ளைகளின் கண்களைப் பார்த்தே பாடத்தில் கவனம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும். அதை விற்க வந்த கம்பெனி முதலாளி சக்ரபாணிக்கு அந்த எண்தான் வேதவாக்கு.

"நூறு வாங்காத டீச்சரை வீட்டுக்கு அனுப்பிடுங்க!" என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவைத் திறந்திருந்த தாளாளர் ஜெபராஜும் தலையாட்டினார். தற்காலிக ஆசிரியை அமுதரசி பாடம் நடத்தினாள். வந்தது எழுபது.

"நூறு எப்படி வாங்குறதுன்னு நீங்களே ஒரு பாடம் நடத்திக் காட்டுங்களேன் சார்," என்றாள் பணிவாக.

சக்ரபாணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தாம் முன்னேறிய கதையையே பாடமாக்கினார். ஐம்பது, முப்பது, பத்து! கடைசி பெஞ்சில் குறட்டையே கேட்டது.

"மெஷின் தப்பாக் காட்டுது!" என்று கத்தினார்.

"அப்போ என் எழுபதும் தப்புதானே சார்? மெஷின் சரின்னா, முதல்ல வீட்டுக்குப் போகவேண்டியது யாரு?"

தர்க்க சாஸ்திரத்தில் இதற்கு ஏதோ பெயர் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு கைதட்டியது. தாளாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

சக்ரபாணி மேல்தான் அப்போது எல்லாக் கண்ணும். திரையில் பளிச்சென்று விழுந்தது நூறு!