இன்னொரு காது

ஆஸ்திரேலியாவின் மேற்குக் காடுகளில் வொய்லி என்றொரு பிராணி உண்டு. கங்காருவின் இனம், உருவம் மட்டும் முயல் அளவு. இப்போது கொஞ்சம்தான் மிச்சம். ரத்தத்தில் குடியிருக்கும் ஏதோ ஒட்டுண்ணி இனத்தையே கரைத்துக்கொண்டிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். அதனால் கூண்டு வைத்துப் பிடித்து, துணிப்பைக்குள் மாற்றி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உடனே விட்டுவிடுவார்கள்.

அங்கே ஆய்வு செய்யும் தாட்சாயணியிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார் சிவசைலம். அம்பாசமுத்திரத்தில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் சும்மா உட்காரப் பிடிக்காமல் இதில் சேர்ந்துகொண்டார். குருவுக்கு அவர் மகள் வயதுதான். அவர் "டீச்சர்" என்பார், அவள் "சார்" என்பாள்.

அன்று காலை பிடிபட்டது ஒரு தாய். வயிற்றுப் பைக்குள் குட்டி இருந்தது. இரண்டு காதுகளிலும் உண்ணி.

"ரத்தம் எடுத்தாச்சுல்ல, சார்? விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு தாட்சாயணி அடுத்த கூண்டுக்குப் போனாள்.

மாட்டு டாக்டருக்கு உண்ணி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? நோயைப் பரப்புவதே இதுகளாக இருந்தால் என்று நினைத்தார். பார்க்கப் பாவமாகவும் இருந்தது. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காதைப் பொறுமையாக, முழுக்கச் சுத்தம் செய்தார். மறு காதைத் தொட்டதும் தாய் உதறியது. குட்டி தரையில் விழுந்தது. ரோமம்கூட முளைக்காத, விரல் நீளக் குட்டி.

"டீச்சர்!"

ஓடி வந்தவள் திட்டவில்லை. குட்டியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினாள். தாயின் வயிற்றுப் பைக்குள் வைத்து, பையின் வாயைப் பிளாஸ்திரி ஒட்டி மூடினாள்.

"ரொம்பப் பயந்தா குட்டியைப் போட்டுட்டு ஓடிடும், சார். பிளாஸ்திரியை அதுவே பிச்சுக்கும். அதுக்குள்ள பயம் தெளிஞ்சிடும்."

"குட்டி பொழைச்சிருமா?"

"தெரியாது."

புதரோரம் துணிப்பையைத் திறந்தாள். தாய் ஒரு கணம் நின்றது, பிறகு துள்ளி மறைந்தது. சிவசைலத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர், இன்னொரு காதுல உண்ணி அப்படியே இருக்குல்லா. அதோட எப்படிப் பிள்ளையை வளர்க்கும்?"

"உண்ணியோடதான் இத்தனை காலமும் பெத்து வளர்த்துச்சு, சார். இன்னைக்குத்தான் கீழ போட்டுச்சு."