இடும்பனுக்கு வந்த சங்கேதம்

பழனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்லப்பனின் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. மறைமொழிக் கழகம் கூடுவது அங்கேதான். உறுப்பினர்கள் நாலே பேர். தட்டச்சுப் பள்ளி நடத்தும் கணநாதன் தலைவர். தையல் கடை மரியபாக்கியம் செயலாளர். இடம் செல்லப்பனுடையது என்பதால் அவர் துணைத் தலைவர். மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் இடும்பன் வெறும் உறுப்பினர். ஒருத்தராவது உறுப்பினராக இருந்தால்தானே அது கழகம். நாலு பேருக்கும் சேர்த்துப் புத்தி எவ்வளவு தேறும் என்று ஊரில் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், பாதியில் விட்டுவிட்டார்கள்.

இவர்களுக்கு வேலை என்னவென்றால், வெளியூர்களில் இருக்கும் இதே மாதிரியான குழுக்களோடு வாட்ஸப்பில் சங்கேதச் செய்தியும் எண் புதிரும் மாற்றிக்கொள்வது. அவர்கள் மறைத்து எழுதி அனுப்புவதை இவர்கள் உடைத்துப் படிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் இவர்கள் உடைத்தது இரண்டு. ஒன்று பிளாஸ்டிக் நாற்காலி, இன்னொன்று செல்லப்பனின் மூக்குக்கண்ணாடி.

ஆனால் ஆர்வத்துக்குக் குறைச்சல் கிடையாது. எதிரிக்குப் புரியாதபடி எழுதுவதுதான் சங்கேதம் என்று கணநாதன் எங்கோ படித்துவிட்டு வந்தார். உடனே, நமக்கு எதிரி யார் என்ற கேள்வி எழுந்தது. விசாரித்துப் பார்த்ததில் நாலு பேருக்குமே எதிரி இல்லை. எதிரி இல்லாமல் சங்கேதம் எழுதுவது முறையல்ல என்று தீர்மானம் போட்டு, வாரத்துக்கு ஒருவர் எதிரியாக இருப்பது என்று முறை வைத்தார்கள். அந்த வாரத்து எதிரிக்குக் கூட்டத்தில் டீ கிடையாது. முதல் முறை வந்தபோது மரியபாக்கியம் அழுதேவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் இடும்பனுக்குக் காதல் வந்தது. உடுமலைக் குழுவில் திலகவதி என்று ஒரு பெண், மருந்துக் கடையில் வேலை. அவள் போட்ட எண் புதிரை இடும்பன் பத்தொன்பது நாள் போராடி முடித்தான். விடை தப்பு. ஆனாலும் ஒரு மனுஷன் பத்தொன்பது நாள் தன் புதிரோடு உட்கார்ந்திருந்தானே என்று அவளுக்கு மனசு கரைந்துவிட்டது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று அவன் எண்களிலேயே எழுதிக் கேட்டான். அவள் ஒன்றரை மாதம் உடைத்துப் பார்த்ததில், 'எனக்கு எருமைகளைப் பிடிக்கும்' என்று வந்தது. இவ்வளவு இளகிய மனசுக்காரரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

இடும்பனுக்கு வயது முப்பத்தாறு. ஏற்கெனவே பதினோரு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் ஆயுசுக்கும் மாடுகள்தான் துணை என்று அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான். அந்த விஷயத்தில் மட்டும் அவனைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் திலகவதியிடமிருந்து செய்தி வந்தது:

'அப்பா சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். தவறினால் பதினோரு மணிக்குக் கரூர் மாப்பிள்ளை வந்துவிடுவார்.'

அவளுடைய அப்பா வெள்ளியங்கிரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் அப்படியே அடித்து அனுப்பியது. நீங்களோ நானோ என்றால் உடனே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருப்போம். இடும்பன் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினான்.

"படிச்சா அப்படியே புரியுதுங்கய்யா. அதுதான் பயமா இருக்குது," என்றான்.

கணநாதன் போனை வாங்கி மூன்று தடவை படித்தார். "சங்கேதக்காரப் பொண்ணு புரியற மாதிரி எழுதியிருக்குதுன்னா, உள்ள பெருசா என்னமோ ஒளிச்சு வெச்சிருக்குதுன்னு அர்த்தம்."

"ஒளிச்சு வெச்ச தடமே தெரியலீங்களே," என்றார் மரியபாக்கியம் பயபக்தியோடு. "இத்தனை நாள்ல இப்படியொரு வேலைப்பாட்டை நான் பார்த்ததில்லை."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் படலம் இப்படித் தொடங்கியது.

எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று முதலில் எண்ண வேண்டும், அதுதான் சாஸ்திரம் என்றார் தலைவர். எண்ணினார்கள். எல்லா எழுத்தையும்விடப் புள்ளிதான் அதிகமாக வந்தது. இருபத்தொன்று. முற்றுப்புள்ளியையும் சேர்த்தால் இருபத்துநாலு. முற்றுப்புள்ளியைச் சேர்க்கலாமா கூடாதா என்று சாயங்காலம் வரை விவாதம் நடந்தது. கடைசியில், குழப்பம் பண்ணுவது புள்ளிதான் என்று முடிவாகி, செல்லப்பன் செய்தியை எழுதி ஜெராக்ஸ் எடுத்து, வெள்ளை மை வைத்து எல்லாப் புள்ளியையும் அழித்தார். மரியபாக்கியம் அதை வாய்விட்டுப் படித்தார். பல் செட்டைக் கழற்றி வைத்தவர் பேசுவதுபோல் இருந்தது. மறுபடியும் புள்ளி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை உடுமலைக் குழுவின் பழைய ஆலோசனை ஒன்று செல்லப்பனுக்கு ஞாபகம் வந்தது. எதுவும் பிடிபடாவிட்டால் தலைகீழாகப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். போனைத் தலைகீழாகத் திருப்பினார்கள். அது எப்படித் திருப்பினாலும் எழுத்தை நிமிர்த்திக் காட்டுகிற போன். மூன்று தடவை திருப்பியும் எழுத்து மசியவில்லை. சரி, போன் தலைகீழாகாவிட்டால் ஆள் ஆகட்டும் என்று இடும்பனைச் சுவரோரமாகத் தலைகீழாக நிறுத்தினார்கள். இப்போது எழுத்து தலைகீழாகத் தெரிகிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்றான் அவன். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று செல்லப்பன் போனைத் திருப்பினார். எழுத்தும் திரும்பியது. முக்கால் மணி நேரம் இப்படியே போனதில் இடும்பனின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது.

அப்போது டீ கொண்டுவந்த எதிர்க்கடை மாஸ்டர், என்ன கலாட்டா என்று எட்டிப்பார்த்துச் செய்தியைப் படித்தார். "இதுல என்னங்க இருக்குது? ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பொண்ணு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வாங்க."

நால்வரும் அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்கள். படிப்பு வாசனை இல்லாதவர், மேலோட்டமாகப் பார்த்துவிட்டார், அவர்மேல் தப்பில்லை என்று கணநாதன் பெருந்தன்மையாகச் சொன்னார். மாஸ்டர் இன்னொரு தடவை விளக்கினார். இவர்கள் இன்னொரு தடவை மன்னித்தார்கள். காலி கிளாஸை வாங்கிக்கொண்டு போகும்போது அவர் தலையில் அடித்துக்கொண்டதைக்கூட, ஏதாவது குறிப்பாக இருக்குமோ என்று மரியபாக்கியம் எழுதிவைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எண் வழியில் இறங்கினார்கள். எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்து, கூட்டி, கழித்து, பிடிக்காத எண்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பத்து இலக்கத்தில் ஒரு எண் மிஞ்சியது. போன் நம்பர். இடும்பன் அழைத்தான். எடுத்தது தாராபுரத்தில் ஒரு சிமெண்ட் கடைக்காரர். எத்தனை மூட்டை வேண்டும் என்று கேட்டார். இடும்பன் தலைவரைப் பார்த்தான். கணநாதன் செய்தியில் விரல் வைத்து, 'பத்து' என்ற சொல்லைக் காட்டினார். கேள்விக்குப் பதில் செய்தியிலேயே இருக்கிறதென்றால் நாம் சரியான பாதையில்தான் போகிறோம் என்று எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. சாயங்காலம் பத்து மூட்டை சிமெண்ட் ஜெராக்ஸ் கடை வாசலில் வந்து இறங்கியது. மூட்டைமேல் எழுதியிருந்ததையும் உடைத்துப் பார்த்தார்கள். ஐம்பது கிலோ என்றுதான் வந்தது.

அங்கேதான் இடும்பன் மனசு உடைந்துபோனான். ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, "எனக்குக் குடுத்து வைக்கலீங்க. அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு தெரியாமலே கரூர்க்காரனுக்குப் போயிரப் போகுது," என்று அழுதான். மரியபாக்கியம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செல்லப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் அவனை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கணநாதன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். செய்தியில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக, அதற்கு மூன்று எழுத்துத் தள்ளி வரும் எழுத்தைப் போட்டு எழுதினார். வந்ததைப் பார்த்தால் தலையும் இல்லை, வாலும் இல்லை. வாயில் நுழையக்கூட இல்லை.

"இப்பத்தான் இது சங்கேதம் மாதிரி இருக்குது," என்றார் பூரிப்போடு. மற்ற மூவரும் கைதட்டினார்கள். இனி இதை உடைத்தால் போதும். எப்படி உடைப்பது என்று யோசித்து, மரியபாக்கியம்தான் வழி சொன்னார். ஒவ்வொரு எழுத்தையும் மூன்று எழுத்து பின்னால் தள்ளிப் பார்க்கலாமே என்றார். தள்ளினார்கள். ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. அப்பா சம்மதித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள்.

ஆறு வருஷத்தில் கழகத்தின் முதல் வெற்றி. நாலு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். செய்தியையே செய்திக்குள் ஒளித்துவைத்த திலகவதியின் மூளையைப் புகழ்ந்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. பிறகுதான், இன்றைக்கு என்ன கிழமை என்று இடும்பன் கேட்டான்.

விழுந்தடித்துக்கொண்டு உடுமலை பஸ் ஏறினார்கள். வெள்ளியங்கிரி வீட்டு வாசலை மிதித்தபோது பத்து அடிக்க ஐந்து நிமிஷம். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, திலகவதியும் காபியோடு வந்தாள். இடும்பன் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று என்பது பஜ்ஜித் தட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். சங்கேதத்தை எப்படி உடைத்தோம் என்று கணநாதன் விவரித்ததில் முக்கால் மணி நேரம் போய்விட்டது.

வெள்ளியங்கிரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நேரடியாக விஷயத்துக்கு வந்தார். "பொண்ணு புடிச்சிருக்குதுங்களா மாப்ளை? ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா கரூர்க்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிருவேன்."

இடும்பன் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்மதமுங்க," என்றான்.

"அப்புறமென்ன சாமி, நீயும் சொல்லிப்போடு," என்று மகளைப் பார்த்தார் வெள்ளியங்கிரி.

திலகவதி காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி, எண்ணி, நெற்றியைச் சுருக்கினாள். "ஏழு எழுத்துப்பா. பார்த்தா சாதாரணமா இருக்குது, ஆனா உள்ள பெருசா என்னமோ இருக்குது. வியாழக்கிழமைக்குள்ள உடைச்சுச் சொல்லிடறேன்."

வெள்ளியங்கிரி இடும்பனைப் பார்த்தார். அவனாவது எடுத்துச் சொல்வான் என்று எதிர்பார்த்தார். இடும்பன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தான். தன் ஒரே ஒரு வார்த்தைக்கு நாலு நாள் ஒதுக்க ஒரு பெண் கிடைத்துவிட்டாளே என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவசரப்பட வேண்டாம், சனிக்கிழமை வரைக்கும்கூட எடுத்துக்கொள்ளலாம் என்று கணநாதன் ஆறுதலாகச் சொன்னார்.

வாசலில் கரூர் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று.

ஐந்து பேரும் பேனாவை எடுத்தார்கள்.