படிக்கவே முடியாத ஒரு பக்கம்

“மேடம், நான் எழுதின புரோகிராம் ஒண்ணையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

வேதவல்லி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓடுதா?”

“ஓடுது.”

“எத்தனை வருஷமா?”

“பத்தொன்பது.”

“அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்?”

தில்லைநாயகம் தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

*

மலைப்பாதையில், பத்தாவது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இருந்தது அந்த வீடு. புரோகிராம் எழுதியும், கெட்டுப்போனவற்றைச் சரிசெய்தும் தரும் இடம். கீழேயுள்ள நூற்பாலைகளும் பேருந்து நிறுவனங்களும் தங்கள் கணினி மக்கர் செய்தால் அங்கேதான் அனுப்பும்.

ஊரில் அதற்கு ‘மடம்’ என்று பெயர். கேலிதான். ஆனால் வேதவல்லியைக் குரு என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. எவர் போட்ட எந்தச் சிக்கலையும் தாளில் அச்சடித்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து, அவர் படித்துவிடுவார்.

குருவைவிடச் சீடர் தில்லைநாயகத்துக்குப் பன்னிரண்டு வயது அதிகம். ஆகவே குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘மேடம்’ என்பார். சாத்திரங்களில் இதற்கு இடமில்லை. அலுவலகங்களில் உண்டு.

மடத்துக்கு ஒரே சட்டம். ஓடுவதைத் திறக்கக்கூடாது.

தில்லைநாயகம் எழுதியவை எல்லாம் ஓடின. ஒரு வரிக்கு ஒரு வேலை. எண்ணைப் போட்டுவைக்கும் டப்பா ஒவ்வொன்றுக்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும் பெயர். தெளிவாக எழுதியதால் அவை உடையவில்லை. உடையாததால் யாரும் திறக்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி அவருக்கு ஓய்வு. இன்னும் மூன்று மாதம். மலையிறங்குமுன் யாராவது ஒருவர், ஒரே ஒரு பக்கம், மேலிருந்து கீழ்வரை படித்துவிட வேண்டும்.

வேறு ஆசை அவருக்கு இல்லை. இருந்த மற்றவற்றை முழங்கால் வலி தீர்த்துவைத்துவிட்டது.

*

தில்லைநாயகத்தின் மேசையில் நான்கு வருடமாகக் கிடந்தது அருமைராசன் என்பவர் எழுதிய பேருந்து நேர அட்டவணைப் புரோகிராம். அதை எழுதிவிட்டு அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. தில்லைநாயகம் அவரைப் பார்த்ததே இல்லை.

அது மாதம் இருமுறை நின்றுபோகும். ஒவ்வொரு முறையும் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.

டப்பாக்களின் பெயர்கள்: அ, அஅ, அஅஅ, பூரி, பூரி2.

“இந்த எடத்துல அந்த ஆளுக்குப் பசி,” என்றார் தில்லைநாயகம், பக்கத்து மேசை ஹபீபாவிடம். “நூறு வரி தள்ளிப் பாரு, எல்லாமே நிதானமா இருக்கும். சாப்பிட்டுட்டு வந்திருக்காரு. அதுக்கப்புறம் யார் மேலயோ கோபம். ஒரே ஜோலியை மூணு தடவை பண்றாரு.”

“கல்யாணமான புதுசுல வீட்டம்மா எழுதின கடுதாசியைக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க சார்.”

“அவங்க எழுத்து நல்லாருக்கும். ஒரு தடவை படிச்சா போதும்.”

சொன்ன பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. மனைவி இறந்து ஆறு வருடம். அந்தக் கடிதங்களை அவர் ஒரு முறைதான் படித்திருந்தார்.

*

ஜனவரிக் கடைசியில் தில்லைநாயகம் ஒரு காரியம் செய்தார்.

ஊர் நூலகத்துக்கு அவர் எழுதிய புரோகிராமில் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கினார்.

மறுநாள் நூலகர் போன் செய்தார். புத்தகம் எடுத்தவர்கள் எல்லாரும், எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே அதைத் திருப்பித் தந்திருக்க வேண்டும் என்று கணினி அடம்பிடிக்கிறதாம்.

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். இப்போது மேடம் தாளில் அச்சடிப்பார். பென்சிலைச் சீவுவார்.

“ஹபீபா, நூலகம் என்னன்னு பாரும்மா,” என்றார் வேதவல்லி.

நான்கு நிமிடம்.

“முடிஞ்சுதா?” தில்லைநாயகத்தின் குரல் சற்று உயர்ந்துவிட்டது.

“தேடவே வேண்டாம் சார் உங்களுதுல. ‘திருப்பும் தேதி’ன்னு பேரே சொல்லுது. நேராப் போனேன், மாத்தினேன், மூடிட்டேன்.”

“மிச்சத்தைப் பாக்கலையா?”

“மிச்சம் எதுக்கு சார்? அது ஓடுதே!”

*

அவர் குருவின் முன்னால் போய் நின்றார்.

“நூலகத்தை நான்தான் கெடுத்தேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“பத்தொன்பது வருஷம் கூட்டினவர் திடீர்னு ஏன் கழிக்கப்போறாரு?”

“அருமைராசன் குப்பையை நாலு வருஷமா எழுத்தெழுத்தாப் படிக்கறேன் மேடம். அந்தாளு என்னைக்குப் பசியோட இருந்தாருன்னுகூட எனக்குத் தெரியும். நான் ஒழுங்கா எழுதினேன். அதுக்கு இதுதான் தண்டனையா?”

வேதவல்லி பென்சிலைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைத்தார். சாக்பீஸை எடுத்து எழுதினார்:

போட்டி.

யாராலும் படிக்க முடியாத புரோகிராம் எழுதுக. ஒரு பக்கத்துக்குள். ஓட வேண்டும்.

வருபவை அனைத்தையும் நடுவர் கடைசி எழுத்துவரை படிப்பார்.

“ஜெயிச்சா என்ன பரிசு மேடம்?” என்றார் ஹபீபா.

“அவமானம்.”

பின்னாளில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் இந்தப் போட்டிக்கு அனுப்பினார்கள். யானை வடிவில் ஒருவர், கோல வடிவில் ஒருவர். இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஓடுகிற ஒன்றைத் திருச்சியிலிருந்து ஒரு பல் மருத்துவர் எழுதினார். போட்டி எப்படிப் பிறந்தது என்று கேட்டால், மோசமாக எழுதுகிறவர்களைக் கேலிசெய்யத்தான் என்பார்கள். பொருத்தமான விளக்கம். கரும்பலகையின் கடைசி வரியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தில்லைநாயகம் அதை இரண்டு முறை படித்தார்.

*

மோசமாக எழுத அவருக்கு வரவில்லை.

முதல் முயற்சியை ஹபீபா டீயும் கையுமாக நடந்துகொண்டே படித்தார்.

“சூரியன் எத்தனை மணிக்கு மறையும்னு சொல்லுது. அழகா இருக்கு சார்.”

“அழகா இருக்கா?”

“மன்னிச்சுக்கோங்க.”

இரண்டாவதைப் படிக்க உட்கார வேண்டியிருந்தது. மூன்றாவதைப் படிக்கும்போது டீயில் ஆடை படர்ந்தது. நான்காவதைப் பார்த்துவிட்டு ஹபீபா டீயை ஜன்னல்வழியே கொட்டினார்.

“இது என்ன சார், சுருட்டி வச்ச கம்பி மாதிரி?”

“ஓட்டிப் பாரு.”

திரையில் வந்தது: மாலை 6.27.

அன்று 6.27க்குத்தான் மறைந்தது.

போட்டிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று அவர் நடுவில் பதினோரு வரிகளைச் சேர்த்தார். இன்ன தேதியானால் இதைச் செய் என்று ஒரு நிபந்தனை. தேதி, பிப்ரவரி முப்பது. அதாவது கணினி அந்தப் பதினோரு வரிக்குள் ஒருபோதும் காலெடுத்து வைக்காது. உலகம் உள்ளவரை ஓட்டினாலும் அவை ஓடாது.

எதற்கு அந்த வரிகள் என்று ஹபீபா கேட்கவில்லை. அவர் நான்காவது வரியோடு நின்றுவிட்டிருந்தார்.

*

வந்தவை மூன்று.

ஹபீபாவுடையது போண்டா வடிவம். வேதவல்லி அதை மதியத்துக்குள் படித்து, சிரித்து, திருப்பிக் கொடுத்தார். நூற்பாலைக்காரர் ஒருவர் அனுப்பியதைப் படிக்க ஒன்றரை நாள் ஆனது.

பிறகு தில்லைநாயகத்தின் பக்கத்தை எடுத்தார்.

முதல் நாள் வேதவல்லி எதுவும் எழுதவில்லை. இரண்டாம் நாள் ஓரத்தில் சின்னச் சின்ன எண்கள். மூன்றாம் நாள் அவற்றை அழித்தார். தில்லைநாயகம் அருமைராசனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். குருவின் விரல் தாளில் எங்கே நிற்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

ஆறாம் நாள் விரல் நிபந்தனைக்கு வந்தது. அதைத் தாண்டிப் போனது.

ஓடாத இடம். தாண்டத்தான் செய்வார்கள். 

“டீ சொல்லட்டுமா சார்? முகம் ஒரு மாதிரி இருக்கு,” என்றார் ஹபீபா.

“வேணாம்மா.”

*

முப்பத்தொன்றாம் தேதி சால்வை போர்த்தினார்கள். மிக்சரும் ஜாங்கிரியும் கொடுத்தார்கள். தில்லைநாயகம் எழுதியது எதுவும் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்று கீழேயிருந்து வந்த அதிகாரி பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

வேதவல்லி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவர் அறைக்கதவு சாத்தியிருந்தது.

நாலரை மணி பேருந்துக்குத் தில்லைநாயகம் பையுடன் வளைவில் நின்றார். ஹபீபா குடை பிடிக்க வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மேலே பன்னிரண்டாவது வளைவில் பேருந்து ஹாரன் அடித்தது.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார். வேதவல்லி இறக்கத்தில் கிட்டத்தட்ட ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் தாள்.

“அந்தப் பதினோரு வரி,” என்றார், மூச்சு வாங்க. “மொதல்ல தாண்டிட்டேன்.”

“பாத்தேன்.”

“அப்புறம் கடைசி எழுத்துவரைன்னு எழுதினது ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் போனேன். அது கணினி போகாத எடம், கையாலதான் கணக்குப் போட்டுப் பாக்கணும். மூணு நாள் சார். எண்ணு எல்லாம் எழுத்தா மாறிச்சு.”

தாளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், அழித்து அழித்துக் கறுத்துப்போன இடத்தில், பென்சிலால் ஒரே வரி:

இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, கண் வலிக்கிறதா?

பேருந்து வந்து நின்றது. “ஏறுங்கய்யா, நேரமாவுது!” என்றார் நடத்துநர்.

தில்லைநாயகம் ஏறவில்லை.

வேதவல்லி கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

“வலிக்குது சார்,” என்றார்.