தலைப்பாகையைத் தின்ற மண்

ரொம்ப காலத்துக்கு முன்னால் மருதங்குடி நாட்டை நெடுஞ்சேந்தன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் பிடித்தது அவனுக்கு மாலையில் பிடிக்காது. மாறாத ஆசை ஒன்றே ஒன்று, எண்ணெய்க் கத்தரிக்காய். அரண்மனைத் தோட்டத்தில் வேறு எது விளையாவிட்டாலும் கத்தரி விளைந்தாக வேண்டும்.

ஒரு நாள் தோட்டத்தில் உலாவும்போது ராஜாவின் காலில் ஒரு மண்புழு ஏறிவிட்டது. அவன் முகம் சுளித்ததைப் பார்த்ததும் தோட்ட அதிகாரி ஏகவீரர் முன்னால் வந்தார். தோட்டத்து மண்ணை வாரிச் சலித்துச் சூளையில் வறுத்துக் கொட்டினால் புழுவும் இராது, அழுக்கும் இராது என்றார். அப்படியே செய்தார்கள். அந்தப் போகம் கத்தரி காய்த்துத் தள்ளியது. ராஜா பூரித்துப்போய் ஏகவீரருக்குச் சரிகை போட்ட பருத்தித் தலைப்பாகை கட்டி, ‘மண்தூய்மைத் திலகம்’ என்று பட்டமும் கொடுத்தான்.

அடுத்த போகத்தில் வந்தது வினை. காலையில் நிமிர்ந்து நின்ற செடிகள் மத்தியானம் தலை தொங்கின. நாலே நாளில் பாதித் தோட்டம் வாடிப் படுத்துவிட்டது. பட்டம் வாங்கியவர் தோற்றதாக ஒப்புக்கொள்வாரா? சுற்றியுள்ள குடியானவர்களின் அழுக்கு மண்ணிலிருந்துதான் நோய் காற்றில் வருகிறது, நாட்டு வயல்களையெல்லாம் வறுத்துவிட வேண்டும் என்றார். கத்தரிக்காய் இல்லாத ஏக்கத்தில் இருந்த ராஜாவும் சரி என்று தண்டோரா போடச் சொல்லிவிட்டான்.

தண்டோராவைக் கேட்டுக் குடியானவர்கள் கலங்கிப்போனார்கள். அவர்களில் பூவாத்தாள் என்று ஒருத்தி. தோட்டத்து மதிலை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் கத்தரி நிலம் உண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் செடி செத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் அவள் செடி பூத்துக் குலுங்கியது. அந்த நிலத்தை வறுத்தால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. நேரே அவைக்குப் போய் நின்றாள்.

“மகாராஜா, என் மண்ணில் லட்சக்கணக்கில் காவல்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் என் செடியை நோயிடமிருந்து காக்கிறார்கள். தோட்டத்து மண்ணிலும் அப்படி இருந்தார்கள். அவர்களைத்தான் சூளையில் போட்டுக் கொன்றுவிட்டார்கள்” என்றாள்.

“கேட்டீர்களா பிரபு? இவள் ரகசியமாகப் படை வைத்திருக்கிறாளாம்” என்றார் ஏகவீரர்.

படையைக் காட்டச் சொன்னான் ராஜா. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஜீவன்கள் அவை, ஆனால் அவை செய்யும் வேலையைக் காட்ட முடியும் என்றாள் பூவாத்தாள். நாற்பத்தெட்டு நாள் தவணை கேட்டாள். காட்டாவிட்டால் அவள் வயலைத்தான் முதலில் வறுப்பதென்று முடிவாயிற்று.

இரண்டு தொட்டிகள் வந்தன. ஒன்றில் வறுத்த மண், மற்றதில் பூவாத்தாளின் மண். புதைக்க ஒரு பருத்தித் துணி வேண்டும் என்று அவள் கேட்டாள். தன் துணி என்றால் யாரும் சூது சொல்ல முடியாது என்று ஏகவீரர் தலைப்பாகையைக் கழற்றி நீட்டினார். அவள் அதை இரண்டாகக் கிழித்து, தொட்டிக்கு ஒரு பாதியாகப் புதைத்தாள். இரண்டிலும் ஒரே மாதிரிக் கத்தரி நாற்று நட்டாள். பிறகு தோட்டத்தில் செத்த செடியின் அடியிலிருந்து நோய்பிடித்த மண்ணைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு தொட்டியிலும் ஒவ்வொரு பிடி கலந்தாள். தொட்டிகள் அவையிலேயே இருந்தன. யாரையும் நம்பாத ராஜா தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினான். போகப் போக மந்திராலோசனையை விட்டுவிட்டுத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தைந்தாம் நாள் வறுத்த மண்ணின் செடி தலை தொங்கியது. முப்பதாம் நாள் படுத்துவிட்டது. நாற்பத்தெட்டாம் நாள் பூவாத்தாளின் செடியில் ஊதாப் பூ விரிந்திருந்தது.

அவள் ஏதோ மருந்து போட்டிருப்பாள் என்றார் ஏகவீரர். பூவாத்தாள் தொட்டிகளைக் கவிழ்த்தாள். வறுத்த மண்ணிலிருந்து பாதித் தலைப்பாகை முழுசாக வந்தது. உதறிக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மற்றதில் துணியே இல்லை, வெறும் சரிகை இழைகள் மட்டும் கிடந்தன.

ராஜா அந்த இழைகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். “துணியைத் தின்றவர்கள் தங்கத்தைத் தொடவில்லையே. இப்படிப்பட்ட ஆட்கள் என் அவையில் எத்தனை பேர்?” என்றான். அவை சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

பிறகு ராஜாவுக்கு ஒரு சந்தேகம். “துணியைத் தின்கிறவர்கள் செடியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?”

“செத்த பொருளைத் தின்று செடிக்கு எருவாக்குவது அவர்கள் வேலை, மகாராஜா. உயிருள்ள வேர் அவர்களுக்குச் சோறு போடுகிறது. அதனால் வேரைச் சுற்றி நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். நோய் வந்தால் கால் வைக்க இடம் கிடைக்காது, வந்ததைச் சிலர் தின்றும் விடுவார்கள். வறுத்த மண்ணில் முதல் போகத்துக்குச் செத்தவர்களே எருவானார்கள். அப்புறம் வீடெல்லாம் காலி. முதலில் வந்த நோய் முழு வீட்டையும் எடுத்துக்கொண்டது.”

எந்த வயலையும் வறுக்க வேண்டாம் என்று ராஜா உடனே மறுபடி தண்டோரா போடச் சொன்னான். தோட்டத்தைப் பூவாத்தாளிடம் ஒப்படைத்து, என்ன வேண்டும் என்று கேட்டான். அரண்மனைத் தொழுவத்துச் சாணம், மரத்தடிச் சருகு, பழைய தோட்டத்து மண்ணில் சூளைக்குப் போகாமல் மிஞ்சியது, அதைச் சுமக்க ஓர் ஆள், இவ்வளவுதான் அவள் கேட்டது. ஆள் யார் என்று ராஜாவே சொல்லிவிட்டான். பட்டம் பறிபோய், வெறுந்தலையோடு கூடை சுமந்தார் ஏகவீரர்.

முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு சுமந்தார். அப்புறம் பூவாத்தாள் காட்டிக்கொடுத்தபடி மண்ணை அள்ளி முகர்ந்து, எது மக்கிப் பழுத்தது, எது பழுக்காதது என்று சொல்லக் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷம் கத்தரி காய்த்தது. எண்ணெய்க் கத்தரிக்காயை வயிறாரச் சாப்பிட்ட ராஜா மனசு இளகி, பழைய பதவிக்கு வரச் சொல்லி ஏகவீரருக்கு ஆள் அனுப்பினான்.

ஏகவீரர் சருகுக் குவியலைக் கிளறிக்கொண்டே, வந்த ஆளிடம் சொல்லியனுப்பினார்: “இன்னும் ஒரு மழை ஆகட்டும் என்று பிரபுவிடம் சொல். இது இன்னும் மக்கவில்லை.”