புது குன்னிமுத்தூருக்குக் குடிபோன கதை

குன்னிமுத்தூர் தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்கக் கூடாது. கேட்டால், "நாங்க இருக்க இடத்துலதான் இருக்கோம். அந்த ரெண்டு ஊருந்தான் எங்க பக்கத்துல இருக்கு" என்பார்கள். பதிலில் தப்பு ஒன்றும் இல்லை. குன்னிமுத்தூர்க்காரர்கள் சொல்வதில் எப்போதுமே தப்பு இருக்காது. அவர்களோடு பழகுவதில் உள்ள பெரிய தொல்லையே அதுதான்.

அந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவள் பிரமிளா. ஆறு மாதத் தற்காலிக வேலை. பழைய நூலகக் கட்டடத்தில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு கரும்பலகை. ஆறாம் மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து அதிகாரி வருவார். மாணவர்கள் தாங்களே செய்த வேலை ஒன்றைக் காட்ட வேண்டும், மையத்தில் முப்பது பேராவது இருக்க வேண்டும். இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மையத்துக்குப் பூட்டு. பிரமிளா மறுபடியும் ராஜபாளையம் பேருந்து நிலையத்து ஜெராக்ஸ் கடையில் நின்று, நாள் முழுக்க ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டியதுதான். எட்டு வருடம் அதைத்தான் செய்தாள். திரும்பவும் அங்கே போய் நிற்பதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

வகுப்பில் சேர்ந்தது மூன்றே பேர். ரேஷன் கடையில் எடை போட்டு ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், டீக்கடை தளவாய், பூக்கட்டும் இசக்கியம்மாள். மூவரும் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. டீச்சர் சொன்னதில் ஒரு சொல்லையும் விட்டதில்லை.

முதல் வாரம் கடவுச்சொல் பாடம். "இது யாருக்குமே தெரியக் கூடாது. வீட்டு ஆளுக்குக்கூட" என்று பிரமிளா அழுத்திச் சொன்னாள். மறுநாள் ஆவுடையப்பனின் கணக்கு திறக்கவில்லை.

"என்ன போட்டீங்க அண்ணாச்சி?"

"தெரியாது டீச்சர்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்குததுக்கு மொதல்ல தெரியணும்லா? யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொன்னீய. நானும் ஒரு ஆளுதான. அதான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, பத்து விரலையும் வச்சு அமுக்கிட்டேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இனி எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் ஒண்ணும் நடக்காது."

இரண்டாம் வாரம் கண் பராமரிப்பு. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை திரையை விட்டுத் தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றாள். ஜன்னலுக்கு வெளியே மூன்றடியில் பஞ்சாயத்துச் சுவர். அது தூரமில்லை என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். குளத்துக்கரையில் ஏறினால் மேற்கே மலை தெரியும். போக ஒன்பது நிமிடம், வர ஒன்பது நிமிடம். வந்து உட்கார்ந்து இரண்டு நிமிடம் ஆனதும் தளவாய் கடிகாரத்தைப் பார்ப்பார். "இருவது ஆச்சு, எந்திரிங்க." அந்த வாரம் முழுவதும் பாடம் நடந்ததைவிட நடை நடந்ததுதான் அதிகம். கண்ணுக்கு ரொம்பக் குளிர்ச்சியாக இருப்பதாக இசக்கியம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

மூன்றாம் வாரம், முக்கியமானது எதுவானாலும் அச்சு அசலாக இன்னொரு நகல் எடுத்து வேறொரு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். பத்தே நாளில் தளவாய் அடுத்த தெருவில் இன்னொரு டீக்கடை போட்டார். அதே பெஞ்சு, அதே பாய்லர், அதே நீலப் பெயிண்ட். ஆசையாகப் போய் உட்கார்ந்தவர்களை விரட்டிவிட்டார்.

"டீ இல்லன்னா எதுக்குவே கடை?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"இது நகலு. மூலக் கடைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்ப இருக்கட்டும்னு போட்டது. இதுல டீ ஆத்துனா இதுவும் மூலமாயிருமே."

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்து, "அதுவும் சரிதான்" என்றார்.

இப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதிகாரிக்குக் காட்டப் பிரமிளாவிடம் இன்னும் ஒன்றும் இல்லை. கடைசியில் துணிந்து மெய்நிகர் உலகத் திட்டத்தைக் கையில் எடுத்தாள். திரைக்குள்ளே ஒரு வெறும் பூமி இருக்கும். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, தெரு, குளம் எல்லாம் கட்டலாம். மனித உருவங்களைச் செய்து உள்ளே நடக்கவும் விடலாம். "நம்ம ஊரையே கட்டுவோம். புது குன்னிமுத்தூர்னு பேரு வைப்போம்" என்றாள்.

சொல்லி வாயை மூடுவதற்குள் மூவரும் வேலையில் இறங்கிவிட்டார்கள். அவளால் நம்பவே முடியவில்லை. மூன்று வாரத்தில் நாற்பது வீடு, நான்கு தெரு, தண்ணீர் நிறைந்த குளம், இரண்டு டீக்கடை, ஒரு கம்ப்யூட்டர் மையம் எல்லாம் எழும்பி நின்றன. பிரமிளாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக மூன்று பேருக்கும் தன் காசில் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

"இனி ஆளுங்களைச் செஞ்சு வீட்டுக்குள்ள விடுங்க. வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு."

மூவரும் சட்டென்று கம்ப்யூட்டரை விட்டுக் கையை எடுத்துவிட்டார்கள்.

"அது எப்படி டீச்சர்?" என்றாள் இசக்கியம்மாள். "பால் காய்ச்சாம குடிபோகக் கூடாதே."

"இது நிஜ வீடு இல்லக்கா. படம்."

"படத்துல இருந்தாலும் புது வீடுதான? ஆளு யாரு? என்னைய மாதிரிதான ஒரு பொம்பளையச் செஞ்சு உள்ள அனுப்பப்போறீய? அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"நாப்பது வீட்டுக்கும் தனித்தனியாக் காய்ச்சணுமா, மொத்தமாக் காய்ச்சலாமா?" என்று தளவாய் கேட்டார். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. எல்லா வீடும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஒரே அடுப்பு போதும் என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருந்தது. பிரமிளா கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மூவரும் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, ஊரையே வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கரும்பலகைக்குக் கீழே அடுப்பு. வாசலில் மாவிலைத் தோரணம். புது வீட்டுக்குள் முதலில் பசு போக வேண்டுமே என்று தளவாய் தன் பசுவை ஓட்டிவந்தார். அது உள்ளே வந்து மூன்று கம்ப்யூட்டரையும் முகர்ந்து பார்த்தது. திரையில் நாலாவது வீட்டு வாசலை ஒருதடவை நக்கியது. பிறகு நடுக்கூடத்தில் சாணம் போட்டது. "அமோகமான சகுனம்" என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள்.

அந்தக் குலவைச் சத்தத்தில்தான் அதிகாரி மாசிலாமணி ஜீப்பை விட்டு இறங்கினார். வாசலில் நாற்பது குடும்பம். பாய், தலையணை, குடம், குத்துவிளக்கு, கைக்குழந்தை சகிதம் வரிசையில் நின்றது. குடிபோன அன்றைக்கு அங்கேயே படுத்து எழ வேண்டும் என்பது குன்னிமுத்தூர் வழக்கம்.

"இவங்கல்லாம் யாரு?" என்றார் அதிகாரி.

பிரமிளா வாயைத் திறப்பதற்குள் ஆவுடையப்பன் முன்னால் வந்தார்.

"புது குன்னிமுத்தூருக்குக் குடிபோறோம் சார். நாப்பது வீடு. எல்லாம் டீச்சர் கட்டவச்சது."

மாசிலாமணிக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி. மாவட்டத்தில் எந்த மையத்திலும் அவர் ஐந்து பேருக்கு மேல் பார்த்ததில்லை. இங்கே ஜனம் படுக்கையோடு வந்து நிற்கிறது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றபடியே ஒரு தம்ளர் பால் குடித்தார், நோட்டில் "புது ஊர், நாற்பது வீடு" என்று பரபரவென்று எழுதினார், பிரமிளாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஊர்க்காரர்கள் மையத்திலும் வாசலிலுமாகப் படுத்து எழுந்து, புது ஊரில் கொசு அதிகம் என்று பேசிக்கொண்டே காலையில் வீட்டுக்குப் போனார்கள்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. வேலை நிரந்தரம். பிரமிளா துள்ளிக் குதித்தாள். குதித்து முடித்துக் கீழே படித்தபோதுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. "புதிதாக உருவாகியுள்ள புது குன்னிமுத்தூருக்குத் தாங்கள் மாற்றப்படுகிறீர்கள். இப்போதுள்ள கணினிகளைக் கொண்டே அவ்வூரில் மையத்தை நடத்தவும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அங்கே பணியில் சேர வேண்டும்."

அவள் பதறிப்போய் மேலிடத்துக்கு போன் போட்டாள். "சார், அப்படி ஒரு ஊரு..."

"யோசிச்சுச் சொல்லும்மா" என்றது மறுமுனை. "அந்த ஊருக்குத்தான் வேலையே ஒதுக்கியிருக்கு. ஊரு இல்லன்னா வேலையும் இல்ல."

பிரமிளா ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பார்த்தாள். "இருக்கு சார்" என்றாள். "நல்ல ஊரு சார்."

விஷயம் தெரிந்ததும் இசக்கியம்மாள் ஓவென்று அழுதாள். "ஆறு மாசம் ஒண்ணுமண்ணாப் பழகிட்டு இப்படி வெளியூருக்குப் போறீயளே!" திங்கட்கிழமை காலை வழியனுப்பு விழா நடந்தது. மாலை போட்டார்கள். புளியோதரை கட்டிக் கொடுத்தார்கள். தளவாய் வழிக்கு வேண்டும் என்று ஒரு பிளாஸ்க் டீ கொண்டுவந்து வைத்தார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பிரமிளா மாலையோடு வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். தன்னைப் போலவே ஓர் உருவத்தைச் செய்து, புது குன்னிமுத்தூர் மையத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னால் மூவரும் திரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே நின்றார்கள்.

சற்று நேரத்தில் அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்தாள். முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்று ஆவுடையப்பன் பேசினார்.

"டீச்சர், நல்லபடியாப் போய்ச் சேந்துட்டீயளா?"

பிரமிளா திரும்பிப் பார்க்கப் போனாள். பிறகு, என்ன தோன்றியதோ, திரும்பவில்லை.

"சேந்துட்டேன் அண்ணாச்சி."

"அங்கன வெயிலா, மழையா?"

அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"நல்ல வெயிலு" என்றாள். "சரியாக் கேக்கல அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. ரொம்ப தூரம்லா."