ஆறாவது ஷாஃப்ட்

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தூங்குகிறவர் மூச்சு மாதிரி, மெல்லிசாக, நீளமாக. பனிமூட்டம் பட்டறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்ததால் முதலில் சத்தம் மட்டும்தான் இருந்தது. அப்புறம்தான் ஓடிக்கொண்டிருந்த பழைய ஹெரால்டு கார் தெரிந்தது. திறந்த பானெட்டுக்குள் கார்புரேட்டரை ஒட்டிக் காதை வைத்திருந்த மாதையன் தெரிந்தார்.

இந்த மலையூருக்கு வந்து, பட்டறை முதலாளி எஸ்தரிடம் தொழில் கற்கச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. எஸ்தருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர் எஸ்தரை அம்மிணி என்பார். எஸ்தர் அவரை அண்ணா என்பார். அதட்டுவது மட்டும் அம்மிணிதான்.

ஆக்சிலேட்டரை மிதித்தால் கார்புரேட்டரின் தொண்டைக்குள் ஒரு தகடு திறக்கும். அதைத் திருப்புகிற கம்பிதான் ஷாஃப்ட். தேய்ந்தால் ஓரமாகக் காற்று புகுந்து எஞ்சின் திணறும். புதுசு இறுகிப் போனாலோ, சூட்டில் பிடித்துக்கொள்ளும். காலை எடுத்தாலும் வண்டி அடங்காது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அடிவாரத்தில் சொந்தப் பட்டறை வைத்திருந்தபோது, மாதையன் அப்படி ஒன்றை இறுக்கிப் போட்டு அனுப்பினார். இதே மலைப்பாதையில், ஒன்பதாவது வளைவில், அது பிடித்துக்கொண்டது. ஓட்டியவருக்கு ஒரு கால் போயிற்று. பட்டறையை மூடிவிட்டு, தொழிலை முதலிலிருந்து மறுபடி கற்க எஸ்தரிடம் வந்தார். அதற்குப் பிறகு மாதையன் எந்த வண்டியையும் தன் கையால் உரியவரிடம் கொடுத்ததில்லை.

ஐந்தைக் கழித்துப்போட்டு, ஹெரால்டுக்கு அவர் கடைந்த ஆறாவது ஷாஃப்ட் இது.

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டாங்கண்ணா," என்றார் வாசலில் டீயோடு நின்ற போஜன், காரின் சொந்தக்காரர். "பனி விலகினதும் வீட்ல எல்லாரையும் ஏத்திட்டுக் கீழ எறங்கணும். குடுப்பீங்களா மாட்டீங்களா?"

மாதையன் தலையைத் தூக்கவில்லை.

"அம்மிணி, இன்னும் காத்து ஒழுகுதுங்க. வேற ஒண்ணு கடைஞ்சுரட்டுங்களா?"

எஸ்தர் ஜீப்பின் பிரேக் வேலையை அப்படியே விட்டு எழுந்து வந்தார். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் சொட்டு எண்ணெய் விட்டார். காற்று ஒழுகினால், அந்த எண்ணெயில் அடைபட்டு எஞ்சின் சத்தம் மாறவேண்டும். மாறவில்லை.

"இப்ப?"

"கேக்குதுங்க."

எஸ்தர் கார் ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது.

"இப்ப?"

மாதையன் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார்.

"கேக்குதுங்க அம்மிணி," என்றார், சின்னக் குரலில்.

எஸ்தர் சிரிக்கவில்லை. "ஏறுங்க. ஓட்டிப் பாத்துரலாம்."

"நானுங்களா?"

"பின்ன? கடைஞ்சது நானா?"

காரில் மலைப்பாதையில் இறங்கினார்கள். வளைவுகள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, முகத்தைக் காட்டிவிட்டு, பனிக்குள்ளேயே போயின. ரோடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. ஒன்பதாவது வளைவில் ஒரு மாடு நடுரோட்டில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. மாதையன் காலை எடுத்தார். எஞ்சின் வேகம் இறங்கியது. வண்டி அடங்கி, மாட்டைச் சுற்றிக்கொண்டு போனது.

அடிவாரப் பாலம் வரை போய்த் திரும்பினார்கள்.

பட்டறை வாசலில் போஜன் கையை நீட்டினார். சாவி மாதையனின் மூடிய கைக்குள்ளேயே இருந்தது.

"வண்டி சரியாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா இந்தச் சத்தம் இன்னும் கேக்குது. எப்பங்க நிக்கும்?"

எஸ்தர் விரல்களைத் துணியில் துடைத்தார், ஒவ்வொன்றாக.

"எனக்குக் கேக்கறது ஒரு லாரிங்கண்ணா. நான் பிரேக் போட்டு அனுப்பி, நிக்காமப் போனது. பதினாறு வருஷமாச்சு."

மாதையன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியைப் போஜன் கையில் வைத்தார்.

எஸ்தர் ஜீப்பின் பக்கத்தில் போய்க் குந்தினார். பாதியில் விட்ட பிரேக் டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.