காத்தாயி கையில் இருந்த சாவி

கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் சற்றுக் கவனமாகக் கேளுங்கள்.

கடலோரப் பட்டணம் ஒன்றில் வீடற்ற பெண்களுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. முன்பு உப்புக் கிடங்காக இருந்த கட்டடம். முன்னால் பெரிய கூடம், அதற்குப் பின்னால் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, வெளியே தகரக் கூரை வேய்ந்த சமையல் கொட்டகை. இருபத்தாறு பெண்கள் தங்கியிருந்த அந்த இடத்தை நடத்தியவர் ஜெசிந்தா.

காத்தாயி அங்கே வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடந்தவள். அங்கேதான் இரண்டு ஆண்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்து ஆண்குரல் கேட்டாலே அவளுக்குக் கைகால் விறைத்துவிடும். காப்பகத்து வாசல்வரை வந்தவள் உள்ளே வர மறுத்தாள். ஜெசிந்தா அவளோடு வெயிலில் உட்கார்ந்து, "இந்தக் கதவத் தாண்டி ஒரு ஆம்பள காலெடுத்து வைக்க மாட்டான். நான் இருக்கிற வரைக்கும் இது சத்தியம்" என்று சொன்ன பிறகுதான் எழுந்து வந்தாள்.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கில்லாமல் முகம் தெரியவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். காற்று கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவே யாரோ இரும்புக் கதவை அறைந்தார்கள்.

"அம்மா, தொறங்கம்மா! பஸ் ஸ்டாண்டு கூரை பறந்துபோச்சு. நாலு பேரு இருக்கோம். ஒருத்தரால நிக்கக்கூட முடியல!"

ஆண்குரல். காத்தாயி கூடத்தின் கடைசிச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள்.

சமையல் செய்யும் மைமூன் கதவை நோக்கி ஓடினாள். "தொறந்துருங்கம்மா, செத்துருவாங்க!"

ஜெசிந்தா திரும்பிக் காத்தாயியைப் பார்த்தார்.

"சத்தியம் பண்ணீங்களேம்மா" என்றாள் காத்தாயி. பல் கிட்டிப்போய் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

ஜெசிந்தா நான்கு போர்வைகளை எடுத்துக்கொண்டார். கதவுச் சாவியைக் கொண்டுவந்து காத்தாயியின் உள்ளங்கையில் வைத்தார்.

"குடுத்த வாக்க நான் மீற மாட்டேன். அவங்கள மழையில விடவும் மனசு வரல. நான் கொட்டகையில அவங்களோட இருக்கேன். உள்ள பூட்டிக்க. நீயாத் தொறந்தாத்தான் உண்டு, நான் கூப்பிட மாட்டேன்."

அவர் வெளியேறினார். காத்தாயி பூட்டினாள்.

அரை மணி நேரம் இருக்கும். கொட்டகைத் தகரம் ஒவ்வொரு வீச்சுக்கும் தூக்கித் தூக்கி அடித்தது. திறந்தால் பேருந்து நிலையத்தில் இழுத்த அந்தக் கைகள் உள்ளே வந்துவிடும் என்று காத்தாயிக்கு ஒரு பயம். திறக்காவிட்டால் ஜெசிந்தாவின் குரலை இனிக் கேட்கவே முடியாதோ என்று இன்னொரு பயம்.

மைமூன் வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "குடுடி சாவிய! உன் ஒருத்தி பயத்துக்கு அஞ்சு உசுரு போகணுமா?"

காத்தாயி விரல்களை இறுக்கிக்கொண்டாள். சாவியின் பல் சதையில் இறங்கியது.

அப்போது தகரம் பிய்த்துக்கொண்டு பறந்தது. சுவரில் ஏதோ மோதியது. "ஐயோ, அம்மாவுக்கு அடிபட்டுருச்சே!" என்று ஒரு குரல் அலறியது. ஜெசிந்தாவின் குரல் வரவேயில்லை. சொன்னபடியே அவர் கூப்பிடவில்லை.

காத்தாயி எழுந்தாள். "மைமூன்க்கா, எல்லாரையும் பின்னறைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க கூடத்துல இருக்கட்டும். நாம உள்ள தாப்பா போட்டுக்குவோம்." இருபத்தைந்து பெண்களும் உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

நெற்றியில் ரத்தம் வழிய ஜெசிந்தாவை இருவர் தாங்கி வந்தார்கள். அவர்களில் ஒருவனின் ஈரச் சட்டை காத்தாயியின் தோளில் உரசியது. அவளுக்குப் புடவையிலேயே சிறுநீர் போய்விட்டது. ஆனாலும் ஐந்து பேரும் உள்ளே வரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பின்னறைக்கு ஓடினாள்.

எல்லோரும் பிழைத்தார்கள். புயல் ஓய்ந்ததும் அந்த நான்கு ஆண்களும் பள்ளிக்கூட முகாமுக்குப் போனார்கள். ஜெசிந்தாவுக்கு ஆறு தையல். "முதல்லயே தொறந்திருந்தா இந்தத் தையலே இல்ல" என்றாள் மைமூன். "வாக்குன்னா வாக்குதான்" என்றார் ஜெசிந்தா. ஒரு வாரம் அந்தக் கூடத்தில் காத்தாயி படுக்கவில்லை.

வாக்கைக் காத்து வெளியே போன ஜெசிந்தா, உயிர்தான் பெரிது என்று சாவியைப் பறிக்க வந்த மைமூன், முதலில் பூட்டிப் பிறகு திறந்துவிட்ட காத்தாயி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மைமூனின் இரக்கத்தில் குறையில்லை. ஆனால் இன்னொருத்தியின் பயத்தைத் துச்சமாக்கித்தான் அவள் அந்த இரக்கத்தைக் காட்டப் பார்த்தாள். ஜெசிந்தா தன் உடம்பையே முன்னே வைத்தார். அது பெரிய மனசு. என்றாலும் எந்த நேரமும் பறக்கக்கூடிய கூரையின் கீழ் போய் நின்றுகொண்டு, நடுங்குகிறவள் கையில் சாவியைக் கொடுப்பது, வாய்விட்டுக் கேட்காமலே திறக்கச் சொல்வதுதான். வாக்கை வாங்கியவள் மட்டுமே அதை விட்டுக்கொடுக்க முடியும். காத்தாயி பயம் தீராமலே விட்டுக்கொடுத்தாள், மற்றப் பெண்களுக்கும் பாதுகாப்புச் செய்துவிட்டுத் திறந்தாள். அவள் செய்ததே சரி. ஜெசிந்தாவுக்கும் இது எட்டாவது நாள் புரிந்தது. காத்தாயியிடம் போய் உட்கார்ந்து, "என்ன செய்யலாம்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்" என்றார்.